என்.எஸ்.எஸ். முகாமிலிருந்து தொண்டு நிறுவனத் தலைமை வரை: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் என்.எஸ்.எஸ்.-இல் (நாட்டு நலப்பணித் திட்டத்தில்) இருந்தேன், மரம் நட்டேன், ரத்த தானம் செய்தேன், இனி இதையே வேலையாகச் செய்ய முடியுமா என்று கேட்டு வருகிற பிள்ளைகள் அதிகம். முடியும். ஆனால் முகாமில் நன்றாக ஓடியாடியவர் எல்லாம் நாளைக்கு ஒரு நிறுவனத்தை நடத்திவிடுவார் என்று சொல்ல முடியாது. நடுவில் பத்துப் பதினைந்து ஆண்டுக் கதை இருக்கிறது. அந்த வழியில் எதை எப்போது கற்றுக்கொள்வது, எங்கே அவசரப்படக் கூடாது என்பதைத்தான் எழுதுகிறேன். சமூகப்பணி படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொறியியல், தமிழ் இலக்கியம், பி.காம். எது படித்திருந்தாலும் பொருந்தும். பி.காம். படித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில், முகாமில் யாரும் கேட்காத வேலையைக் கேட்டு வாங்குங்கள்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. விதி எளிமையானது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம். அதோடு தத்தெடுத்த கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம். முடித்தால் சான்றிதழ்.

பெரும்பாலான முகாம்கள் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் உழவாரம், மதியம் சிறப்புச் சொற்பொழிவு, மாலையில் விழிப்புணர்வுப் பேரணி, கடைசி நாள் பேனர் முன்னால் குரூப் போட்டோ. அதில் தப்பில்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அந்தப் போட்டோவைப் பார்க்கப் போவதில்லை. "நீ என்ன பொறுப்பில் இருந்தாய்?" என்றுதான் கேட்பார்.

ஆகவே பொறுப்பைக் கேளுங்கள். முகாமின் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று திட்ட அலுவலரிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் கல்லூரிப் பேராசிரியர்தான். பாடம் எடுப்பது, தேர்வு வேலை எல்லாவற்றுக்கும் நடுவே இதையும் சுமப்பவர். ரசீதுகளை ஒழுங்காக ஒட்டி வைக்க ஒரு மாணவர் கிடைத்தால் மனம் குளிர்ந்துபோவார். அதேபோல ஊராட்சித் தலைவரைப் பார்த்துப் பேசுவது, பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குவது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, ஐம்பது பேருக்கு ஏழு நாள் சமையலுக்கு ஏற்பாடு செய்வது. சமையல் ஏற்பாடு என்று சொன்னதும் சிரிக்க வேண்டாம். அரிசி எவ்வளவு, காஸ் எப்போது தீரும், மழை வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று யோசித்தவர்தான் புயல் நேரத்தில் நிவாரண முகாமை நடத்துகிறார்.

என்.எஸ்.எஸ். இல்லாத கல்லூரியா? இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், ரோட்டராக்ட் எதுவானாலும் சரி. வெளியே 2006-இல் சென்னையில் தொடங்கிய பூமி போன்ற தன்னார்வ அமைப்புகள் வார இறுதியில் வகுப்பெடுக்க ஆள் சேர்க்கின்றன. அரசே 2021-இல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் வகுப்பெடுத்தார்கள். மாலையில் இருபது பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துக் கதை சொல்லி நிறுத்திப் பார்த்தவருக்கு ஒரு கூட்டத்தை நடத்தத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை.

அடுத்தது, அதே ஊருக்குத் திரும்பிப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் முடிந்த அடுத்த மாதம், பேனர் இல்லாமல், பேருந்து ஏறி அந்த ஊருக்குப் போங்கள். நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன? கண் பரிசோதனை முகாமில் கண்ணாடி எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள்? கண்புரை என்று சொல்லப்பட்ட பாட்டி ஏன் அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை? பயமா, கூட வர ஆளில்லையா, அல்லது அன்றைக்குக் கூலி போய்விடும் என்று மகன் சொன்னாரா?

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் அறிந்த அமைப்பு. அதன் முகாம்களின் வெற்றி பரிசோதனையில் மட்டும் இல்லை. முகாமில் பார்த்தவரை வண்டியில் ஏற்றி அழைத்துப் போய், தங்க வைத்து, சாப்பாடு போட்டு, அறுவை சிகிச்சை முடித்து ஊரிலேயே கொண்டுவந்து விடுவதில் இருக்கிறது. இலவசம் என்று சொன்னால் மட்டும் மக்கள் வந்துவிட மாட்டார்கள் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் போட்ட ஏற்பாடு அது. நீங்கள் திரும்பிப் போகும்போது கற்றுக்கொள்ளப் போவதும் இதைத்தான்.

ஒரே ஊர், ஒரே பிரச்சினை, குறைந்தது ஒரு முழு ஆண்டு. பத்து அமைப்புகளின் டி-ஷர்ட் வைத்திருப்பவரைவிட ஒரே பள்ளிக்குத் தொடர்ந்து போனவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். மும்பையில் ஷாஹீன் மிஸ்திரி 1989-இல் கல்லூரி மாணவியாக இருந்தபோது 15 குழந்தைகளோடு, சக மாணவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டு, ஒரே ஒரு மையத்தில் ஆகாங்க்ஷா என்ற கல்வி அமைப்பை ஆரம்பித்தார். பட்டதாரிகளைப் பள்ளிகளில் ஆசிரியர்களாக விடுகிற டீச் ஃபார் இந்தியாவையும் அவர்தான் தொடங்கினார். அதன் முதல் அணி வகுப்பறைக்குள் போனது 2009-இல். நடுவில் இருபது ஆண்டுகள். இணையத்தில் அவரைப் பற்றிப் படிக்கிறவர்கள் அந்த இருபது ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

வாங்குங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, போன இடம், யாரைப் பார்த்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், போன வாரம் வந்தவர்களில் யார் வரவில்லை, ஏன். கடைசிக் கேள்விதான் முக்கியம். "30 குழந்தைகளுக்குக் கற்பித்தோம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். "30 பேரில் 11 பேர் பாதியில் நின்றார்கள், அதில் 7 பேர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் குழந்தைகள், அதனால் நேரத்தை மாற்றினோம்" என்று எழுத முடிகிறவருக்கு அப்போதே வேலை பாதி தெரிந்துவிட்டது. நாளைக்குத் திட்ட அறிக்கை, நிதி கேட்டு எழுதும் முன்மொழிவு என்று பெரிய பெயர்களில் வரப்போவதும் இதே நோட்டின் விரிவுதான்.

குழந்தைகள், போட்டோ, பணம்

இதில் விளையாட்டு வேண்டாம். குழந்தைகளோடு வேலை செய்யும்போது தனியறையில் ஒரு குழந்தையோடு தனியாக இருக்காதீர்கள். உங்களை யாரும் சந்தேகப்படுகிறார்கள் என்பதற்காக இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்றிருந்தால்தான் தப்பானவர் உள்ளே நுழைய முடியாது. 2012-இன் போக்சோ சட்டப்படி குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும், மறைப்பதும் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

முகம் தெரியும்படி குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் பெற்றோரிடம் கேட்டீர்களா? அரிசிப் பையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கும் அம்மாவின் படம் யாருக்காக? நன்கொடையாளர் கேட்டார் என்பது பதில் இல்லை. வேண்டாம் என்று அவரிடம் மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். தலைமைப் பொறுப்பில் அடிக்கடி செய்ய வேண்டிய வேலை அது.

பணம் உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு வரக் கூடாது. வெள்ள நேரத்தில் நண்பர்கள் சேர்ந்து வசூலிக்கிறீர்கள் என்றால்கூட, கணக்கை இரண்டு பேர் பார்க்க வேண்டும். வந்தது போனது முழுவதையும் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்கு இல்லையென்றாலும் பெயர் போய்விடும்.

கடைசி ஆண்டில் கைமாற்றிக் கொடுங்கள்

மாணவர் அமைப்புகள் சாவது பெரும்பாலும் மே மாதத்தில். மூன்றாமாண்டு அண்ணனோ அக்காவோ முடித்துப் போவார். ஜூனில் அந்த மாலை வகுப்பு இருக்காது. அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைப் பழகியேவிட்டார்கள். நீங்கள் போன பிறகும் வகுப்பு நடந்தால், தலைமை என்ற சொல்லை அதற்குப் பிறகு உங்கள் பயோடேட்டாவில் தாராளமாக எழுதலாம். ஐந்தாம் பருவத்திலேயே இரண்டு இளையவர்களைக் கூடவே அழைத்துப் போங்கள். ஆறாம் பருவத்தில் அவர்களை முன்னால் விட்டுப் பின்னால் உட்காருங்கள். உங்களைவிட மோசமாகத்தான் செய்வார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அப்போது கஷ்டமான வேலை.

பட்டம் முடிந்ததும் மூன்று வாசல்கள்

படிப்பு ஒரு வாசல். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) என்றால் சென்னை எழும்பூரில் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி, லயோலா, திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், மும்பையில் 1936 முதல் இயங்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பல இடங்கள். இந்தப் படிப்பின் உண்மையான மதிப்பு வகுப்பில் இல்லை, களப்பணியில் இருக்கிறது. வாரத்தில் சில நாள் ஒரு மருத்துவமனையிலோ குடியிருப்பிலோ நிறுவனத்திலோ போட்டுவிடுவார்கள். சேருவதற்கு முன் சீனியர்களிடம் களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், மேற்பார்வையாளர் உண்மையிலேயே வந்து பார்க்கிறாரா என்று விசாரியுங்கள். கூட்டுறவு, கிராம நிர்வாகம் பக்கம் ஆர்வம் என்றால் வர்கீஸ் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய கிராமிய மேலாண்மை நிறுவனமான இர்மா இருக்கிறது, கட்டணம் அதிகம்.

இரண்டாவது, ஃபெலோஷிப். பட்டதாரியை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஒன்றிரண்டு ஆண்டு களத்தில் விடுவார்கள். டீச் ஃபார் இந்தியா இரண்டு ஆண்டு, சென்னையிலும் உண்டு. காந்தி ஃபெலோஷிப்பும் இரண்டு ஆண்டு. எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 13 மாதம், முழுக்கக் கிராமத்தில். தமிழ்நாடு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் அரசுத் துறைகளோடு வேலை செய்யும் இரண்டு ஆண்டுத் திட்டம். தொண்டு நிறுவன வேலை இல்லை, ஆனால் அரசு எந்திரம் எப்படி அசைகிறது என்று உள்ளே இருந்து பார்க்கலாம். தேதி, தகுதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த இணையதளத்திலேயே பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று தமிழ்வழிப் பிள்ளைகள் இவற்றுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். களத்தில் மக்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இந்த அமைப்புகளுக்குச் சிரமம்.

மூன்றாவது, நேரே வேலை. களப் பணியாளர், ஒருங்கிணைப்பாளர் என்று சின்னப் பதவி. என்னைக் கேட்டால், வீட்டுச் சூழல் அனுமதித்தால், இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு அப்புறம் படிக்கப் போவது நல்லது. வகுப்பில் கேட்கக் கேள்விகள் இருக்கும்.

சேரும் நிறுவனத்தை நீங்களும் நேர்காணல் எடுங்கள்

நல்ல நோக்கம் உள்ள நிறுவனம் எல்லாம் நல்ல வேலையிடம் இல்லை. ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் இணையதளத்தில் இருக்கிறதா? சம்பளம் மாதாமாதம் வங்கியில் வருகிறதா, அல்லது "ஃபண்ட் வந்ததும் சேர்த்துத் தருகிறோம்" என்கிறார்களா? பி.எஃப். பிடிக்கிறார்களா? பெண்களாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்: பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்கிறதா, களத்துக்குப் போய் இரவு திரும்ப என்ன ஏற்பாடு? நிர்வாகக் குழுவில் கணவன், மனைவி, மைத்துனர் மட்டும்தான் இருக்கிறார்கள் என்றால் நீங்கள் அங்கே எந்த உயரம் வரை போக முடியும் என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. அங்கே நல்லவர்கள் இருக்கலாம், கற்றுக்கொள்ளலாம். தலைமைக்கு வர முடியாது.

இதைக் கேட்டால் கோபப்படுகிற நிறுவனம் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள்

களத்தில் கெட்டிக்காரர்கள் பலர் ஒரு கட்டத்துக்கு மேல் போகாமல் நிற்பது இங்கேதான். பட்ஜெட் தாளைப் பார்த்தாலே "அது அக்கவுண்ட்ஸ் சார் வேலை" என்று ஒதுங்கிவிடுவார்கள். நிறுவனத்தை நடத்துவது என்றால் பாதி அதுதான். பி.காம். பிள்ளைகள் இங்கே முந்துகிறார்கள்.

இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் பெரும்பாலும் நான்கு வழியில் வரும்: தனிநபர் நன்கொடை, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி), வெளிநாட்டு நிதி, அரசுத் திட்டம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுபாவம்.

சி.எஸ்.ஆர். என்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வந்தது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி தன் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தப் பணம் பெரும்பாலும் ஓராண்டுத் திட்டமாக வரும். மார்ச் மாதத்தில் அவசர அவசரமாக வரும். தொழிற்சாலை இருக்கிற ஊரைச் சுற்றியே வரும். கட்டடம், கழிப்பறை, கம்ப்யூட்டர் என்றால் உடனே கிடைக்கும். ஆசிரியர் சம்பளம் என்றால் இழுக்கும். பேச்சுவார்த்தையில் "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் சட்டப்படி தர முடியாது" என்று யாராவது சொல்வார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். துறையை நடத்தச் செய்யும் செலவுக்கானது. உங்கள் நிறுவனத்தின் செலவுக்கு அல்ல. விதியைப் படித்துவிட்டுப் போனால் பணிவாகச் சொல்லலாம். படிக்காதவர் தலையாட்டிவிட்டு வந்து ஊழியர் சம்பளத்தைக் குறைப்பார்.

வெளிநாட்டு நிதிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துத் தரவும் முடியாது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில். பெரிய நிறுவனங்களிடமிருந்து வாங்கி ஓடிக்கொண்டிருந்த சின்ன ஊர் அமைப்புகள் அந்த ஆண்டு தவித்துப்போயின. உரிமம் புதுப்பிக்கப்படாமல் போனால் ஒரே நாளில் வேலை நிற்கும். ஆகவே தலைமையில் இருப்பவர் ஒரே வழியை நம்பி ஊழியர்களை எடுக்க மாட்டார்.

தனிநபர் நன்கொடை சின்னதாக வரும், மெதுவாக வளரும், ஆனால் எதற்குச் செலவழிப்பது என்பதில் உங்களுக்குச் சுதந்திரம் தரும். மாதம் 500 ரூபாய் தருகிற ஆயிரம் பேர் இருந்தால் அலுவலக வாடகைக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த ஆயிரம் பேரை நன்றியோடும் கணக்கோடும் வைத்திருப்பது தனிக் கலை. கல்லூரியில் ஒரு வாரத்துக்குள் கணக்கு அனுப்பினீர்களே, அதே பழக்கம்தான்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பட்ஜெட்டையாவது முழுதாகப் போட்டுப் பாருங்கள். தணிக்கையாளர் வரும் நாளில் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு முன்மொழிவு நிராகரிக்கப்பட்டால் ஏன் என்று கேட்டு எழுதுங்கள். பாதிப் பேர் பதில் தருவார்கள்.

சொந்தமாக ஆரம்பிக்கலாமா?

இருபத்திரண்டு வயதில் எல்லோருக்கும் டிரஸ்ட் பதிவு செய்யத் தோன்றும். பதிவு செய்வது சுலபம்தான். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர். கம்பெனி வடிவம் வேண்டுமென்றால் கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. அதற்குப் பிறகு பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறைப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, சி.எஸ்.ஆர்.-க்குத் தனிப்பதிவு, ஆண்டுதோறும் தணிக்கை. ஒன்றை மறந்தால் அபராதம். நீங்கள் குழந்தைகளோடு இருக்க ஆசைப்பட்டுத் தொடங்கியிருப்பீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

விதிவிலக்கு உண்டு. 1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் இருபதுகளின் தொடக்கத்தில் பான்யன் என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். மனநலம் குன்றித் தெருவில் அலையும் பெண்களைச் சேர்த்துக்கொள்ள அன்றைக்கு இடமே அரிது. அப்படி ஒரு வெற்றிடம் கண் முன்னால் இருந்தால் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மாவட்டத்தில் மாலை வகுப்பு நடத்துகிற அமைப்பு ஏற்கெனவே நான்கு இருந்தால், ஐந்தாவதாகப் பெயர்ப்பலகை வைப்பதைவிட அந்த நான்கில் ஒன்றில் சேர்ந்து அதை உருப்படியாக்குவது மேல். இதை நான் சொன்னால் இளைஞர்களுக்குப் பிடிப்பதில்லை.

வீட்டில் பேசுவது

சம்பளத்தைப் பற்றி நேர்மையாகப் பேசிவிடுங்கள். கூடப் படித்தவர் ஐ.டி.யில் வாங்குவதைவிடத் தொடக்கத்தில் குறைவாகத்தான் இருக்கும். சின்ன நிறுவனங்களில் பல ஆண்டு அப்படியேதான் இருக்கும். பெரிய அறக்கட்டளைகளிலும் சி.எஸ்.ஆர். துறைகளிலும் இடைநிலை மேலாளர் ஆனதும் நிலைமை மாறும். கல்விக்கடன் இருந்தால் முதலில் தவணைத் தொகையை எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் வேலையைத் தேடுங்கள். கடன் கழுத்தை நெரித்தால் வேறு வேலையில் மூன்று நான்கு ஆண்டு இருந்து அடைத்துவிட்டு வருவது கௌரவக் குறைச்சல் இல்லை. வங்கியிலும் கம்பெனியிலும் இருந்துவிட்டு வந்தவர்கள் பலர் இங்கே நிதி, மனிதவளம் பார்க்கிறார்கள்.

அப்பா அம்மாவுக்கு "சேவை" என்ற சொல் பயமாக இருக்கும். பிள்ளை சாமியாராகப் போகிறது போல் கேட்கும். நியமனக் கடிதத்தைக் காட்டுங்கள். பி.எஃப். எண், மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை எல்லாம் இருக்கிறது என்று காட்டுங்கள். ஒருநாள் அவர்களையே களத்துக்கு அழைத்துப் போங்கள். சேரப் போகும் நிறுவனத்தில் பத்து ஆண்டாக இருக்கும் ஒருவரை, முடிந்தால் குடும்பஸ்தரை, வீட்டுக்கு ஒருமுறை காப்பிக்குக் கூப்பிடுங்கள். வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஊரில் போட்ட சீட்டு என்று அம்மா அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் நடுவில் பதில் சொல்லப் போகாதீர்கள்.